கால் முறிந்தால் வரி இல்லை, மனம் முறிந்தால் உண்டா?

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். பாகுபாடு காட்டியதாக என் கம்பெனி மீது வழக்குப் போட்டேன். மன உளைச்சலுக்கு இழப்பீடு தந்து சமரசம் செய்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். அதற்கு வரி கட்ட வேண்டும் என்கிறார் ஆடிட்டர். கார் விபத்தில் கால் முறிந்த நண்பருக்குக் கிடைத்த இழப்பீட்டுக்கோ வரியே இல்லை. கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்க முடியுமா?
- ஒரு வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. அமெரிக்க வரிச் சட்டத்தின் 104-வது பிரிவு, உடற்காயத்துக்கும் உடல்நோய்க்கும் தரும் இழப்பீட்டுக்கே விலக்கு தருகிறது. 1996-இல் வந்த திருத்தம் மன உளைச்சலை வெளியே நிறுத்திவிட்டது. நண்பரும்கூட, வட்டியோ தண்டனைத் தொகையோ சேர்ந்து வந்திருந்தால், அதற்கு வரி கட்டத்தான் வேண்டும்.

உங்கள் கேள்வியோடு ஒருவர் கோர்ட் ஏறியிருக்கிறார். நியூயார்க் விமான தேசியக் காவல்படைத் தளம் ஒன்றின் சுற்றுச்சூழல் ஆபத்துகளைப் பற்றிப் புகார் செய்து, அதற்காகவே பழிவாங்கப்பட்ட பெண்மணி அவர். மன வேதனைக்கு 45,000 டாலர், தொழிலில் பெயர் கெட்டதற்கு 25,000 டாலர் கிடைத்தது. 20,665 டாலர் வரி கட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டார். இதுதான் மர்ஃபி வழக்கு.

மன அழுத்தத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் கோளாறு அவருக்கு வந்திருந்தது. அதுவும் உடற்காயம்தானே என்றார். இழந்ததை ஈடுகட்டும் பணம் வருமானமே அல்ல என்பது அடுத்த வாதம். 2006 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இரண்டாவது வாதத்தை ஏற்று, வரி செல்லாது என்றார்கள். ஆனால் டிசம்பரிலேயே அந்தத் தீர்ப்பு ரத்தானது. மறுவிசாரணைக்குப் பின் 2007 ஜூலையில் அதே மூவரும் அரசுப் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பல் கோளாறு உண்மைதான், ஆனால் இழப்பீடு அதற்காகத் தரப்படவில்லை; இப்படிப்பட்ட தொகைக்கு வரி போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு என்றார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

ஆகவே, அதே வாதத்தோடு நீங்களும் வழக்காடுவது வீண்செலவு. அதைவிடச் சமரச ஒப்பந்தத்தில் கண் வையுங்கள். எந்தத் தொகை எதற்கு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மன உளைச்சலுக்காக டாக்டருக்குச் செலவழித்த தொகையை முன்பே வரிக்கணக்கில் கழித்திருக்காவிட்டால், அந்த அளவுக்கு விலக்கு உண்டு. பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் பீஸ் இன்னொரு சிக்கல். வக்கீலுக்குப் போகும் பங்கும் கட்சிக்காரரின் வருமானமே என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் பாகுபாட்டு வழக்குகளில் அந்த பீஸைக் கழித்துக்கொள்ள 2004-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தும்.

பணம் கைக்கு வந்த பிறகு ஒப்பந்தத்தைத் திருத்தினால் வரித்துறை ஏற்காது. கையெழுத்துப் போடும் முன்பே வரி வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.