தொட்டிக்குத் தக்கபடி மீன் வளராது

"சின்னத் தொட்டியில விட்டா சின்னதாவே இருந்துடும் சார்." ஆஸ்கர் குஞ்சு வாங்க வந்தவர் தயங்கினால் போதும், இந்த ஒரு வரியில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. சென்னை கொளத்தூரிலும் இதே வசனம், செஞ்சியிலும் இதே வசனம். வண்ண மீன்களை இந்த அளவுக்குக் கொன்ற புளுகு வேறில்லை.

ஆஸ்கர் அமேசான் ஆற்று மீன். தீனி சரியாக இருந்தால் முதல் சில மாதங்களுக்கு மாதம் ஓர் அங்குலம் வளரும். ஓராண்டில் பத்து அங்குலத்தை எட்டிவிடும். கூடத்து மேசையில் வைக்கும் இரண்டடித் தொட்டி, ஓரடி அகலம் ஓரடி உயரம் என்றால், விளிம்பு வரை ஊற்றினாலும் 56 லிட்டர்தான். வளர்ந்த ஆஸ்கர் ஒன்றுக்கே நான்கடித் தொட்டி, 250 லிட்டராவது வேண்டும். செவுள் வழியே மீன் கழிக்கும் அம்மோனியா, கொஞ்சத் தண்ணீரில் சீக்கிரமே விஷமாகிறது. மீன் சோர்ந்து, வளர்ச்சி குன்றி, தலையில் குழி விழுந்து கிடக்கிறது. சோறில்லாமல் குன்றிப்போன பிள்ளையைப் பார்த்து, வீட்டுக்குத் தக்கபடி வளர்ந்திருக்கிறான் என்று யாரும் மெச்சுவதில்லை.

சண்டைக்காரக் குஞ்சுதான் திடமானது என்பது அடுத்த கதை. சண்டையை வைத்து முடிவு செய்யாமல், கடைக்காரரை இரண்டு தீனி போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து வந்து விழுங்கினால் நல்லது. வாயில் வாங்கித் துப்பினால் வேண்டாம். வயிறு ஒட்டியிருக்கிறதா, கண் மங்கியிருக்கிறதா, மேலே வந்து மூச்சு வாங்குகிறதா, துடுப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? அதே தொட்டியில் செத்த மீன் மிதந்தால் பேரமே பேச வேண்டாம்.

உயிர் மீன் போட்டால்தான் வேட்டை மீன் தேறும் என்பதும் வீண். மலிவுக் கப்பியோடு நோயும் சேர்ந்து வரும். குச்சித் தீனியே போதும். அரோவானா மீன் வளர்த்தால் பணம் கொட்டும் என்பதும் கதைதான்; கொட்டுவது விற்பவருக்கு.

பெருத்த மீனைக் குளத்தில் விட்டுவிடுவதைப் புண்ணியமாக நினைப்பவர்களை என்ன சொல்வது? வட அமெரிக்காவின் முதலை மூஞ்சி மீனான அலிகேட்டர் கார், 2023இல் காஷ்மீரின் தால் ஏரியில் பிடிபட்டது. எட்டடிக்கு மேல் வளரக்கூடிய மீன் அது. தொட்டியின் பாசி தின்ன வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது. அங்குள்ள செட்டிக்குளத்தையும் சக்கரக்குளத்தையும் ஆஸ்கர் பண்ணையாக்க வேண்டாம். பெரிதானால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.