பவர்பாயிண்ட் பாடத்தில் பேக் பட்டன்

என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது, அவளுக்காகப் பவர்பாயிண்ட்டில் செரிமான மண்டலம் பற்றி ஒரு பாடம் தயாரித்தேன். மொத்தம் 18 ஸ்லைடுகள். வாய், இரைப்பை, சிறுகுடல் ஆகிய மூன்று ஸ்லைடுகளிலும் ‘நொதி’ என்ற சொல் வரும். அதைக் கிளிக் செய்தால் 16-வது ஸ்லைடில் உள்ள விளக்கத்திற்குப் போகும்படி ஹைப்பர்லிங்க் கொடுத்தேன். எல்லா ஸ்லைடுகளிலும் கீழே இடப்பக்க அம்புக்குறி பட்டன் ஒன்றையும் வைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து வந்து, “வாயில பித்தநீர் சுரக்குமாப்பா?” என்று கேட்டாள்.

வாய் பற்றிய 4-வது ஸ்லைடிலிருந்து நொதிக்குப் போனவள், திரும்பி வர அம்புக்குறியை அழுத்தியிருக்கிறாள். அது 15-வது ஸ்லைடுக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே இருந்தது பித்தநீர்! கல்லீரலில் சுரந்து சிறுகுடலில் வேலை செய்வதை வாய்க்குள் கொண்டுவந்து வைத்தது என் பட்டன்தான்.

அந்த பட்டனுக்கு நான் கொடுத்திருந்தது ‘பிரீவியஸ் ஸ்லைடு’. இது வரிசை எண்ணில் முந்தைய ஸ்லைடைத்தான் காட்டும். பிரவுசரில் உள்ள பேக் பட்டனோ நீங்கள் கடைசியாகப் பார்த்த பக்கத்தைக் காட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் படித்தால் இரண்டும் ஒன்றுதான். லிங்க் மூலம் தாவிப் படிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். (இந்த வசதி புதிதல்ல. 1987-ல் வந்த ஆப்பிளின் ஹைப்பர்கார்டு புரோகிராமிலேயே இருந்தது.)

பவர்பாயிண்ட்டில் இதற்கு ‘லாஸ்ட் ஸ்லைடு வியூடு’ என்று பெயர். முதலில் பழைய அம்புக்குறி பட்டன்களை அழித்துவிடுங்கள். பின்பு வியூ டேபில் ‘ஸ்லைடு மாஸ்டர்’ என்பதைக் கிளிக் செய்து, இடப்பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள பெரிய ஸ்லைடைத் தேர்வு செய்யுங்கள். இன்சர்ட் டேபில் ‘ஷேப்ஸ்’ பட்டியலின் கடைசியில் ஆக்‌ஷன் பட்டன்கள் இருக்கும். அதில் வளைந்த அம்புக்குறி உள்ள ‘ரிட்டர்ன்’ பட்டனைத் தேர்வு செய்து, ஸ்லைடின் மூலையில் வரையுங்கள். உடனே ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். அதில் ‘ஹைப்பர்லிங்க் டு’ என்ற இடத்தில் ‘லாஸ்ட் ஸ்லைடு வியூடு’ இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். மாஸ்டரில் வரைந்ததால் 18 ஸ்லைடுகளிலும் தனித்தனியாக வரையும் வேலை மிச்சம். மாஸ்டரை மூடிவிட்டு, எப்5 அழுத்தி சோதித்துப் பாருங்கள்.

ஒரு குறை உண்டு. பிரவுசர், நீங்கள் பார்த்த பக்கங்களைத் தட்டுகளை அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக நினைவில் வைத்திருக்கும். பேக் அழுத்த அழுத்த, மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். பவர்பாயிண்ட்டுக்கு ஒரே ஒரு தட்டுதான் நினைவிருக்கும். வாயிலிருந்து நொதிக்கும், நொதியிலிருந்து புரதத்திற்கும் போனால், முதல் முறை அழுத்தும்போது நொதி வரும். மறுமுறை அழுத்தினால் வாய் வராது, மீண்டும் புரதமே வரும்! எனவே விளக்க ஸ்லைடுகளுக்குள் ஒன்றுக்கொன்று லிங்க் கொடுக்காதீர்கள். நான் புரத லிங்க்கை எடுத்துவிட்டு, அதை நொதி ஸ்லைடிலேயே இரண்டு வரியில் எழுதிவிட்டேன். வழி தவறினால் முதல் பக்கம் போக ஒரு ‘ஹோம்’ பட்டனையும் வைத்தேன்.

குழந்தைகள் மவுஸைக் கண்ட இடத்தில் கிளிக் செய்தால் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். இதைத் தடுக்க, ஸ்லைடு ஷோ டேபில் ‘செட் அப் ஸ்லைடு ஷோ’ சென்று ‘பிரவுஸ்டு அட் எ கியோஸ்க்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதன்பின் லிங்க்குகளும் பட்டன்களும் மட்டுமே வேலை செய்யும் என்பதால், மறக்காமல் ஒரு ‘நெக்ஸ்ட்’ பட்டனையும் மாஸ்டரில் வரைந்துவிடுங்கள்.