திருவொற்றியூர் பலூன் கொட்டகை: சிறு தொழில் தொடங்கும் விவசாயிகளுக்கு ஒரு பாடம்

விளைபொருளுக்கு மதிப்புக் கூட்டி விற்றால் வருமானம் உயரும் என்று கேள்விப்பட்டு, செக்கு எண்ணெய், மாவரைப்பு, ஊறுகாய், காளான் என்று சிறு தொழிலில் இறங்கும் விவசாயிகள் உண்டு. இவர்களில் சிலர் முதல் ஆண்டிலேயே பெரிய இயந்திரத்தைக் கடனில் வாங்கிவிட்டு, சரக்கு எடுக்க ஆள் இன்றித் தவிக்கின்றனர். தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துவிடுகிறது. தொழிலை எந்தப் படியில் தொடங்குவது, அந்தப் படியில் எவ்வளவு காலம் நிற்பது என்பதற்கு வட சென்னையில் திருவொற்றியூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

எம்.ஆர்.எஃப். டயரைப் பலரும் அறிவர். மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என்பதன் சுருக்கமே அப்பெயர். இதை நிறுவியவர் கே. எம். மம்மன் மாப்பிள்ளை (1922–2003). திருவிதாங்கூரைச் சேர்ந்த வசதியான குடும்பம். தந்தை வங்கியும் பத்திரிகையும் நடத்தியவர். 1938-இல் வங்கி முறிந்தது. மலையாள மனோரமா பத்திரிகை சமஸ்தான அரசால் மூடப்பட்டது. தந்தை சிறை சென்றார். அவ்வாண்டு பத்திரிகை மூடப்பட்டபோது மகனுக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை. பிற்பாடு தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த அவர், 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். இயந்திரம் ஏதும் கிடையாது. செய்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு, சென்னையில் கடை கடையாக ஏறி அவரே விற்று வந்தார்.

பலூன் அற்பப் பொருளாகத் தோன்றலாம். ஆனால் ரப்பர் தொழில் கற்பவருக்கு அது ஏற்ற சரக்காகும். மரத்திலிருந்து வடிக்கும் ரப்பர் பால் விரைவில் தயிர்போல் உறைந்துவிடும் இயல்புடையது. உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கப்படுகிறது. இப்பாலுடன் கந்தகம், துத்தநாக ஆக்ஸைடு முதலியவற்றைக் கலந்து வைத்துக்கொள்வர். பலூன் வடிவ அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலிலும், பிறகு பாலிலும் முக்கி எடுத்தால், அச்சின்மேல் மெல்லிய படலம் படியும். வாய் விளிம்பைச் சுருட்டி, நீரில் அலசி, சூடேற்றிப் பதப்படுத்திக் கழற்ற வேண்டும். கலவை பிசகினால் பலூன் பிசுபிசுவென்று ஒட்டும், அல்லது ஊதும்போதே வெடிக்கும். வெடித்தாலும் நஷ்டம் ஒரு வாளிப் பாலோடு போய்விடும். இதே பிசகு லாரி டயரில் நேர்ந்தால் ஆளின் உயிர் போகும். ரப்பரின் குணத்தைக் குறைந்த செலவில் கற்றுக்கொள்ளும் பள்ளியாக அந்தக் கொட்டகை இருந்தது எனலாம்.

நாளடைவில் ரப்பர் பொம்மைகள், தொழிற்சாலைக் கையுறைகள் ஆகியவையும் அங்கே செய்யப்பட்டன. 1949-இல் தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. அடுத்த படிக்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் டிரெட் ரப்பர் தயாரிப்புத் தொடங்கியது.

டிரெட் ரப்பர் என்பது தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் பட்டை. டயரின் தேய்ந்த மேற்புறத்தைச் சுரண்டி, பசை தடவி, இப்பட்டையை ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்தால் டயர் மீண்டும் ஓடும். புது டயர் வாங்க முடியாத லாரிக்காரருக்கு இது பெரும் உதவி. அக்காலத்தில் இந்தப் பட்டையை விற்றுவந்தவை வெளிநாட்டு நிறுவனங்கள். ரீட்ரெடிங் பட்டறைகளுக்கு அது தினமும் தேவைப்படும் சரக்கு என்பதைக் கண்டுகொண்டே மம்மன் மாப்பிள்ளை அதில் இறங்கினார். 1956 முடிவதற்குள் இந்திய டிரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர் வசம் வந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் அத்தொழிலை விட்டு விலகின. அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்துடன் தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டு டயர் தயாரிப்பில் இறங்கியது 1961-இல்தான். பலூனுக்கும் டயருக்கும் இடையே 15 ஆண்டுகள்.

ரப்பர் பயிரிடும் கன்னியாகுமரி மாவட்ட விவசாயிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கன்று நட்டு ஏறக்குறைய 7 ஆண்டுகள் கழித்தே பால் வெட்ட முடியும். ஒட்டுக் கன்றாயின், ஒட்டிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. இருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகப் பட்டையைச் சீவினால் மரத்தின் வளர்ச்சி குன்றி, மகசூலும் குறையும். அதற்காகத் தோட்டக்காரர் 7 ஆண்டுகளும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. நிழல் கூடும் வரை, முதல் சில ஆண்டுகளில், ஊடுபயிராக வாழையும் அன்னாசியும் போட்டுச் செலவைச் சமாளிக்கிறார். தோட்டத்தில் வாழை செய்யும் வேலையை இங்கே பலூன் செய்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மம்மன் மாப்பிள்ளைக்குக் கல்லூரிப் படிப்பும் குடும்பத் தொடர்புகளும் இருந்தன. ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அவை இல்லை. எல்லாக் கொட்டகையும் ஆலையாகிவிடும் என்று கணக்குப் போடுவது வீண். ஆனால் கடன் வாங்காமல் கையால் செய்து, நேரில் விற்று, வாங்குவோர் யார் என்று தெரிந்த பிறகு அடுத்த இயந்திரத்தைப் பற்றி நினைப்பது சிறு விவசாயிக்கும் முடியக்கூடிய காரியமே.

நிலக்கடலை பயிரிடுபவரை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்புக் கிடைக்கும். பருப்பில் ஏறக்குறைய 40 சதம் எண்ணெயாக வரும். மீதியில் பெரும் பகுதி பிண்ணாக்கு. சொந்தச் செக்கு வைப்பதற்கு முன், அருகிலுள்ள செக்கில் கூலி கொடுத்து ஆட்டி வாங்கி, தெரிந்த 20 வீடுகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வீடுகளில் எத்தனை பேர் இரண்டாம் முறை கேட்டு வாங்குகின்றனர் என்பதே முக்கியம். முதல் முறை உறவுக்காகவும் வாங்குவார்கள். எண்ணெய் சிக்கு வாடை அடித்தது என்று ஒருவர் குறை சொன்னால் கோபிக்காமல், காய் நன்கு காய்ந்திருந்ததா, பூஞ்சை பிடித்த பருப்புக் கலந்ததா என்று பார்ப்பது நல்லது. சரியாகக் காயாத கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்கும். பிண்ணாக்கில் அது தங்கினால் கறவை மாட்டுக்கும் கேடு, பாலிலும் கலந்து வரும்.

ஆட்டுக்கூலி, பாட்டில், போக்குவரத்து, வீட்டார் உழைப்பின் கூலி ஆகிய எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பலர் கடைசியாகச் சொன்னதை எழுதுவதில்லை. லாபம் என்று நினைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கூலியாகவே இருக்கும். இரண்டு மூன்று அறுவடைக் காலம் இப்படி நடத்திய பின், செக்குக்கு ஆகும் கூலி சொந்தச் செக்கின் தவணையை எட்டும் நிலை வந்தால் அப்போது வங்கியை அணுகலாம். கையில் உள்ள நோட்டும் ரசீதுகளும் அங்கே உதவும்.

எண்ணெய் போன்ற உணவுப் பொருளை விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதப்படுத்தும் முறைகள் குறித்த பயிற்சிக்கு அந்தந்த மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.