தெங்கோ த்ரேஸ் இஹாஸ்
(பேசிப் பழகுவோம் பகுதி: ஸ்பானிஷ் மொழியில் குடும்பமும் வீட்டுப் பிராணிகளும்)



போன தை மாதம் பெரு நாட்டிலிருந்து மூன்று பெண்கள் நம் கூட்டமைப்பைப் பார்க்க வந்திருந்தது ஞாபகம் இருக்கும். தென் அமெரிக்காவில் மலை மேலே இருக்கிற ஊர்க்காரங்க. அங்கேயும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சேமிக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், கட்டுகிறார்கள். 'பாங்கோ கொமுனால்' என்று பெயர். ஊர் வங்கி என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பேசியது ஸ்பானிஷ். கூட வந்தவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நாங்கள் தமிழில் சொல்ல, ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்புவதற்குள் டீ ஆறிப்போனது.

வந்தவர்களில் மூத்தவர், நம் குழுப் பிரதிநிதி அக்கா ஒருவரிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அக்கா, "ஒண்ணுங்க" என்றார். மதியம் அந்த அக்கா வீட்டில்தான் சாப்பாடு. மூன்று பெண் பிள்ளைகள் இலை போட்டுத் தண்ணீர் வைத்துப் பரிமாறினார்கள். விருந்தாளி எங்களைப் பார்த்தார். இவங்க யாரு என்று கேட்டோம். "என் பொண்ணுங்கதாங்க. நீங்க புள்ள எத்தனைன்னுதான கேட்டீங்க?"

நம்ம பக்கம் 'ஒரு பிள்ளை, மூணு பொண்ணு' என்று சொல்லித்தானே பழக்கம். அக்கா மேல் தப்பில்லை. அன்று மாலை அந்தக் குழுவின் குடும்ப விவரப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். 'குழந்தைகள்: 1' என்று எங்கள் கையெழுத்திலேயே இருந்தது. கல்வி உதவிக்கான பட்டியலை அந்தப் படிவத்தை வைத்துத்தான் தயார் செய்கிறோம். இரண்டு வருஷமாக அந்த மூன்று பெண்களின் பெயரும் பட்டியலில் இல்லை. இது முழுக்க எங்கள் தவறு. எல்லாக் குழுக்களின் படிவங்களையும் திரும்ப எடுத்து, வீடு வீடாகப் போய், பெயர் கேட்டு எழுதினோம்.

அந்தப் பெண்கள் வருகிற மாசியில் மறுபடி வருவதாகத் தகவல். இந்த முறை நம் குடும்பத்தைப் பற்றி நம் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று மகளிர் பலரும் கேட்டதால்தான் இந்தப் பாடம்.

பயப்பட ஒன்றும் இல்லை. ஸ்பானிஷ் மொழியின் தங்கச்சி மாதிரியான போர்ச்சுக்கீசிய மொழி, 500 வருஷத்துக்கு முன்பே கப்பலில் நம் கரைக்கு வந்துவிட்டது. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். ஸ்பானிஷிலும் மேசைக்கு 'மேசா', அலமாரிக்கு 'அர்மாரியோ'. அப்பாவுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'பாத்ரே'. நம் 'பாதிரியார்' அதே சொல்லிலிருந்து வந்தவர்தான்.

அம்மா 'மாத்ரே'. இதிலெல்லாம் 'த' வரும் இடத்தில் 'தாத்தா' என்று சொல்வது போல நாக்கு பல்லில் பட வேண்டும். மற்ற உறவுகளுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஆணென்றால் சொல் பெரும்பாலும் 'ஓ'வில் முடியும், பெண்ணென்றால் 'ஆ'வில் முடியும். மகன் 'இஹோ', மகள் 'இஹா'. தாத்தா 'அபுவேலோ', பாட்டி 'அபுவேலா'. பேரன் 'நியேத்தோ', பேத்தி 'நியேத்தா'. கணவர் 'எஸ்போசோ', மனைவி 'எஸ்போசா'. மாமியார் 'சுவேக்ரா', மருமகள் 'நுவேரா'. (மனைவிகள் என்று பன்மையில் சொன்னால் 'எஸ்போசாஸ்'. கைவிலங்குக்கும் ஸ்பானிஷில் இதே சொல்தான்! இதைச் சொன்னதும் கூட்டத்தில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.)

அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் 'எர்மானோ'. அக்கா, தங்கச்சி இரண்டு பேருக்கும் 'எர்மானா'. மூத்தவர் என்று சொல்ல வேண்டுமானால் பின்னால் 'மயோர்', இளையவருக்கு 'மெனோர்'. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் எல்லோரும் ஒரே 'தீயோ'. பெரியம்மா, சித்தி, அத்தை எல்லோரும் 'தீயா'. தாய்மாமன் சீர் செய்கிற நம் ஊருக்கு இது பத்தாதுதான். பெருவின் மலை ஊர்களில் பலர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் இல்லை, கெச்சுவா என்ற அவர்களுடைய பழைய மொழி. ஸ்பானியர்கள் அங்கே போனது 1532-இல்தான். கெச்சுவாவில் பெண் தன் சகோதரியைச் சொல்ல 'ஞாஞா' என்று ஒரு சொல், ஆண் தன் சகோதரியைச் சொல்ல 'பானா' என்று வேறொரு சொல்! உறவு முறையில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆகவே அவர்களுக்கும் ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் படித்த மொழியாக இருக்கலாம். நாம் தப்பாகச் சொன்னால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது முக்கியமான சொல். 'எனக்கு இருக்கிறது' என்பதற்கு 'தெங்கோ'. தேங்காயை நினைத்துக்கொண்டால் மறக்காது. எண்கள் ஒன்று முதல் நான்கு வரை போதும்: ஊனோ, தோஸ், த்ரேஸ், குவாத்ரோ. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'ஊனோ' சுருங்கி ஆணுக்கு 'உன்', பெண்ணுக்கு 'உனா' ஆகும். (இங்கே 'உன்' என்றால் ஒன்று. உன்னுடையது இல்லை!)

தெங்கோ உன் இஹோ: எனக்கு ஒரு மகன்.
தெங்கோ த்ரேஸ் இஹாஸ்: எனக்கு மூன்று மகள்கள்.
நோ தெங்கோ இஹோஸ்: எனக்குப் பிள்ளைகள் இல்லை.

அவர்கள் கேட்கும் கேள்வி 'தியேனே இஹோஸ்?' பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பொருள். நீ, நீங்க வித்தியாசம் அங்கேயும் உண்டு. நெருங்கியவர்களிடம் 'தியேனெஸ்', மரியாதையாகக் கேட்டால் 'தியேனே'. இந்தக் கேள்வியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'இஹோஸ்' என்றால் மகன்கள். அதே சொல்தான் மகன், மகள் எல்லாரும் சேர்ந்த பிள்ளைகளுக்கும். மூன்று பெண்ணும் ஒரு பையனும் இருந்தால் 'குவாத்ரோ இஹோஸ்' என்று முடித்துவிடலாம். ஒரே ஒரு பையன் இருந்தாலே போதும், மூன்று பெண்களும் 'ஓ'வுக்குள் போய்விடுவார்கள். இலக்கணப்படி சரிதான். ஆனாலும் நாம் 'தெங்கோ உன் இஹோ இ த்ரேஸ் இஹாஸ்' என்று பிரித்தே சொல்லிப் பழகுவோம். நடுவில் வருகிற 'இ' என்பதற்கு 'மேலும்' என்று பொருள்.

இன்னொன்று. நம் கூட்டத்திலும் புதிதாக வருகிறவரிடம் முதல் கேள்வியே பிள்ளைகள் எத்தனை என்பதுதான். பிள்ளை இல்லாதவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் நம் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் 'கோமோ எஸ்தா?', எப்படி இருக்கீங்க, என்று கேட்டுவிட்டு, அவர்களே சொல்லட்டும் என்று விடலாமே.

'அபுவேலா' என்ற சொல்லைச் சொல்லிவிட்டு அர்ஜென்டினா நாட்டுப் பாட்டிகளைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்கே 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பலர் திரும்பவில்லை. பிடிபட்டவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். பிறந்த குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1977-இல் தாய்மார்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டி, தலைநகரில் அரசாங்க மாளிகைக்கு எதிரே இருக்கிற சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். முதலில் கட்டியது குழந்தைக்குக் கட்டுகிற இடுப்புத் துணி. அவர்களில் பாட்டிகள் தனியாக ஒரு அமைப்பு தொடங்கிப் பேரப்பிள்ளைகளைத் தேடினார்கள். தாய், தகப்பன் இல்லாதபோது பாட்டி, தாத்தாவின் ரத்தத்தை வைத்தே உறவை நிரூபிக்க முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். 1980-களில் அதற்கு வழி பிறந்தது. இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ரேஷன் கார்டில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று என்று இருந்து, கடன் தாமதமாகி அலைந்தவர்கள் எத்தனை பேர்! ஸ்பானிஷ் பேசும் பெரும்பாலான நாடுகளில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பா வழிப் பெயர், அடுத்து அம்மா வழிப் பெயர். 1982-இல் நோபல் பரிசு வாங்கிய கொலம்பியா எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பெயரில் கார்சியா அப்பாவுடையது, மார்க்கேஸ் அம்மாவுடையது. பெரும்பாலும் கல்யாணம் ஆனாலும் பெண் தன் பெயரைச் சட்டப்படி மாற்ற வேண்டியதில்லை. இதைக் கேட்டு நாங்கள் ரொம்பவே சந்தோஷப்பட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால், அம்மாவின் அந்தப் பெயரும் அவர் அப்பாவிடமிருந்து வந்ததுதான், பேரப்பிள்ளை காலத்தில் அது விழுந்துவிடும். ஸ்பெயினில் அம்மா பெயரை முதலில் வைக்க 1999-இல் சட்டம் வந்தது.

இனி ஆடு, மாடு. பசு 'பாக்கா', வெள்ளாடு 'காப்ரா', செம்மறி 'ஒவேஹா', கோழி 'காயீனா', பூனை 'காத்தோ', கழுதை 'புர்ரோ', நாய் 'பெர்ரோ'. பெர்ரோவில் நாக்கு உருள வேண்டும். லேசாகச் சொன்னால் 'பெரோ', அதற்கு 'ஆனால்' என்று பொருள் வந்துவிடும். மாட்டை ஓட்டும்போது 'ட்ர்ர்ர்' என்கிறோமே, அதே நாக்குதான்.

பெரு மலை வீடுகளில் அடுப்படியிலேயே வளர்கிற ஒரு பிராணி 'குய்'. வால் இல்லாத சின்ன முயல் மாதிரி இருக்கும், நம் பிள்ளைகள் பாடத்தில் கினிப்பன்றி. காய்கறித் தோல், புல், நாம் மாட்டுக்குப் போடுகிற குதிரைமசால், இதுதான் தீனி. பெரும்பாலும் பெண்கள்தான் வளர்ப்பது. கொஞ்சுவதற்கு இல்லை, விசேஷ நாளில் கறிக்கு, அவசரத்துக்கு விற்க. நம் வீட்டுக் கோழி மாதிரி. ஸ்பானிஷ் பாடப் புத்தகங்களில் செல்லப் பிராணிக்கு 'மஸ்கோத்தா' என்று ஒரு சொல் வரும். கிராமத்துப் பெண்ணிடம் அவர் குய்யைக் காட்டி அப்படிக் கேட்க வேண்டாம்.

பெயர் சொல்ல 'சே யாமா'. 'மி பாக்கா சே யாமா லட்சுமி', என் பசுவின் பெயர் லட்சுமி.

கடைசியாக ஒரு சொல், 'கியேரோ'. 'கியேரோ உனா பாக்கா' என்றால் எனக்கு ஒரு பசு வேணும். கடன் மனுவில் எழுதுகிற வாக்கியம். 'கியேரோ ஆ மி பாக்கா' என்றால் என் பசு மேல் எனக்குப் பிரியம். நடுவில் அந்த 'ஆ' மனுஷங்களுக்கு முன்னால் வருவது. பிராணி நம் வீட்டு ஆள் போல் ஆகிவிட்டால் அதற்கும் போடலாம். தமிழிலும் 'மாடு பார்த்தேன்' என்று சொல்லலாம், 'மகள் பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம், 'மகளைப் பார்த்தேன்' என்போம். அந்த 'ஐ' மாதிரிதான் இந்த 'ஆ'.

போன வாரம் பழகும்போது அந்த அக்கா எழுந்து, 'தெங்கோ உன் இஹோ இ த்ரேஸ் இஹாஸ்' என்று தடங்காமல் சொன்னார். கூடவே மூன்று பெண்களின் பெயரையும் சொன்னார். பக்கத்தில் இருந்த ஆட்டுக் கடன் வாங்கிய பாட்டிக்குத்தான் ஒரு சந்தேகம்: "ஆட்டு மேல பிரியம் இருக்கு, 'ஆ' போட்டாச்சு. ஆடி மாசம் கறிக்கு விக்கிறப்ப அந்த 'ஆ'வை எடுத்துடணுமா?"

மாசியில் வருகிறவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம்.