அடகுபோன வெள்ளிக்கோப்பை

நுழையும்முன்

விளையாட்டு வரலாற்றை வென்றோர் பட்டியலாகவே படித்துப் பழகியிருக்கிறோம். வெற்றிக்கான செலவை யார் ஏற்றனர் என்பது அப்பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. அதனையும் சேர்த்துக் காட்டும் நிகழ்வொன்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டி 1930ஆம் ஆண்டு உருகுவே நாட்டில் தொடங்கியது. அதற்கு இருபத்தோராண்டுகளுக்கு முன்னர், 1909ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இத்தாலியின் டுரின் நகரில் நான்கே அணிகள் பங்கேற்ற பன்னாட்டு அழைப்புப் போட்டியொன்று நடைபெற்றது. அதற்கு வெள்ளிக்கோப்பை வழங்கியவர், தேயிலை வணிகத்தால் உலகறிந்த சர் தாமஸ் லிப்டன். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் அணிகள் களமிறங்கின. கால்பந்துக்கு விதி வகுத்த இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமோ அணி அனுப்ப இசையவில்லை.

அவ்விடத்தை நிரப்பிய அணி வெஸ்ட் ஆக்லாந்து. அது வட இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியிலுள்ள சிற்றூர். ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறாதவர்கள். பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். இவர்களுக்கு எவ்வாறு அழைப்பு வந்தது? புகழ்பெற்ற உல்விச் ஆர்சனல் அணிக்கு உரிய அழைப்பு, இரு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளும் ஒன்றாயிருந்தமையால் இடம்மாறி வந்துவிட்டது என்றொரு கதை வழங்குகிறது. கதை சுவையானதுதான்; அதனை வரலாறாகக் கொள்வதற்குச் சான்றில்லை.

வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலியில்லை. வழிச்செலவையும் தாமே திரட்ட வேண்டும். வீட்டுப் பொருள்களை விற்றுப் பயணப்பட்டோரும் அவர்களுள் உண்டு என்பர். டுரினில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியை 2–0 என வென்றனர். இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியையும் அதே கணக்கில் வீழ்த்தினர். 1911இல் கோப்பையைக் காக்க மீண்டும் சென்றபோது, இறுதியாட்டத்தில் எதிர்நின்றது யுவெண்டஸ். வெஸ்ட் ஆக்லாந்து 6–1 என வென்றது. அடுத்தடுத்து இருமுறை வென்றமையால் கோப்பை அவ்வூருக்கே உரியதாயிற்று.

ஆனால், இரண்டாம் பயணம் அணியைக் கடனில் ஆழ்த்தியிருந்தது. ஊரிலிருந்த விடுதியின் உரிமையாளரான பெண்மணியிடம் கோப்பையை ஈடாக வைத்து 40 பவுன் பெற்றனர். உடனே மீட்க இயலவில்லை. இரண்டு உலகப் போர்கள் வந்து முடிந்தன, ஆடியவர்கள் முதுமையெய்தினர். 1960ஆம் ஆண்டில்தான் ஊரார் 100 பவுன் கொடுத்துக் கோப்பையைத் திரும்பப் பெற்றனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வென்றவர்களின் கோப்பை ஈட்டுப்பொருளாகவே இருந்தது.

கோப்பையை அளித்தவரின் செல்வத்திற்கும் பின்னணி உண்டு. மளிகைக் கடைகளால் முன்னேறிய லிப்டன், 1890இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்ன தோட்டம் அவற்றுள் ஒன்று. அம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களும் அவர்தம் வழியினருமே. ஆகவே, டுரினில் பளபளத்த அவ்வெள்ளியில் அவர்களுடைய உழைப்புக்கும் பங்குண்டு எனலாம்.

இதனையே ‘முதல் உலகக்கோப்பை’ எனக் கூறுவோர் உளர். பங்கேற்றவை நாட்டணிகள் அல்ல என்பதால் அது மிகைக்கூற்றே. எனினும், வெஸ்ட் ஆக்லாந்து மக்கள் அப்பெயரை விட்டுக்கொடுப்பதில்லை.

1994ஆம் ஆண்டு சனவரியில் கோப்பை களவுபோனது, இன்றுவரை கிட்டவில்லை. அதனைப் போன்றே செய்யப்பட்ட மற்றொரு கோப்பையை அவ்வணியினர் இப்போது வைத்துள்ளனர்.

கற்பவை கற்றபின்…

உங்கள் பள்ளியிலோ ஊரிலோ உள்ள சுழற்கோப்பை ஒன்றின் வரலாற்றை மூத்தோரிடம் கேட்டறிக. அதனை வழங்கியவர் யார், ஆடச் சென்றோரின் செலவை ஏற்றவர் யார் என்பன இடம்பெறுமாறு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.