ஒரு பெயருக்கு ஏன் அத்தனை சண்டை?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறேன். அரேக்குள் கிடக்கும் அரேக்களைப் பிரித்து ஒரே வரிசையாக்கும் ‘ஃபிளாட்’ மெத்தடை எங்கள் வேலையில் அடிக்கடி பயன்படுத்துவோம். அந்தப் பெயருக்காக 2018-ல் பெரிய சண்டையே நடந்தது என்றார் எங்கள் டீம் லீட். சொன்ன கையோடு, அரேயின் ப்ரோட்டோடைப்பில் நான் சேர்த்து வைத்திருந்த இரண்டு மெத்தட்களையும் எடுத்துவிடச் சொன்னார். ஒரு பெயரைக் கமிட்டி முடிவு செய்து அறிவித்தால் தீர்ந்தது, இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? என் கோடுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் செய்த அதே காரியத்தில்தான் அந்தச் சண்டையே தொடங்கியது.

2006-ல் மூடூல்ஸ் என்றொரு லைப்ரரி வந்தது. அந்தக் காலத்து ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத வசதிகளை அது அரேயின் ப்ரோட்டோடைப்பிலேயே நேரடியாகச் சேர்த்தது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஃபிளாட்டன்’. பிறகு ஒரு லூப் போட்டு, ப்ரோட்டோடைப்பில் கண்ணுக்குத் தெரிகிற மெத்தட்களையெல்லாம் தன்னுடைய ‘எலிமெண்ட்ஸ்’ என்ற இன்னொரு வகைக்கும் நகலெடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான தளங்கள் அதை நம்பி எழுதப்பட்டன.

பல ஆண்டுகள் கழித்து, ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையை வகுக்கும் டிசி39 குழுவுக்கு இதே வசதியை மொழிக்குள்ளேயே கொண்டுவரும் முன்மொழிவு வந்தது. பெயரும் அதே ‘ஃபிளாட்டன்’. ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் போட்டுப் பார்த்தார்கள். பலர் பார்க்கும் ஒரு தளம் உடைந்தது.

ஏன் உடைந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மொழியோடு கூடப் பிறந்த மெத்தட்கள் ‘ஃபார்-இன்’ லூப்பில் தட்டுப்படாது. மூடூல்ஸ் தன் ‘ஃபிளாட்டனை’ அதன் மேல் எழுதினாலும், ஏற்கெனவே அங்கே இருக்கும் பெயரின் அந்த மறைந்த தன்மை மாறாது. லூப் அதைப் பார்க்காமலே கடந்து போகும், நகல் எடுக்கப்படாது. ‘எலிமெண்ட்ஸ்’ வகையில் அந்த மெத்தடைக் கூப்பிட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை வரும். தளத்தை எழுதியவர் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. பார்க்க வந்தவரோ ப்ரௌசரை அப்டேட் செய்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

அப்போதுதான் வாதம் சூடு பிடித்தது. பழைய லைப்ரரி ஒன்றுக்காக இனி எழுதப்போகும் எல்லோரும் கோணலான பெயரைச் சுமக்க வேண்டுமா, உடைவது உடையட்டும் என்றனர் ஒரு சாரார். பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கைவிட்ட பக்கமும் இன்று திறக்க வேண்டும், வலையின் நாணயமே அதுதான் என்றனர் மறுசாரார். முன்மொழிந்தவர்களில் ஒருவர் வேடிக்கையாக ‘ஸ்மூஷ்’ என்று பெயர் மாற்றலாம் என்று எழுதப்போக, அதை மெய்யென்று நம்பிக் கொதித்தவர்கள் ஏராளம். 2018 மே மாதக் கூட்டத்தில் ‘ஃபிளாட்’ என்று முடிவானது. அரேயில் ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடும் ‘இன்குளூட்ஸ்’ மெத்தடும் முதலில் ‘கன்டெய்ன்ஸ்’ஆகத்தான் இருந்தது. அதை மாற்ற வைத்ததும் மூடூல்ஸ்தான்.

கமிட்டி அறிவித்தால் போதாதா என்கிறீர்கள். அந்தக் குழுவில் ஓட்டெடுத்து யாரையும் தோற்கடிப்பதில்லை. எல்லோரும் இசைந்தால்தான் ஒன்று நகரும். அதைவிடப் பெரிய காரணம், தரநிலைக்குள் போன ஒன்றை அநேகமாகத் திரும்ப எடுக்கவே முடியாது என்பது. ‘நல்’ மதிப்பின் டைப்பைக் கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்று பதில் வரும். 1995-லிருந்து தொடரும் தவறு அது. திருத்திவிடலாம் என்று ஒரு முன்மொழிவும் வந்தது. பழைய தளங்கள் உடையும் என்பதால் கைவிட்டார்கள். கூட்டத்தில் அரை மணி நேரத்தில் ஏற்படும் பிழையை, அந்த அறையில் இல்லாத லட்சக்கணக்கானோர் தலைமுறைக்கும் சுமக்க வேண்டும். எனவே அந்தச் சண்டையை வெட்டி வேலை என்று என்னால் சொல்ல முடியாது. அறைக்குள் யாராவது முரண்டு பிடித்தால்தான் வெளியே இருப்பவர் தப்பிப்பார்.

முரண்டுக்கும் விலை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். 1999-ல் தரநிலையின் மூன்றாம் பதிப்பு வந்தது. கிளாஸ், பேக்கேஜ், டைப் எல்லாம் கொண்ட நான்காம் பதிப்புக்காக ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். மொசில்லாவும் அடோபியும் ஒரு பக்கம். மைக்ரோசாஃப்டும் யாஹூவும் மறுபக்கம். 2008-ல் ஆஸ்லோவில் கூடி அதைக் கைவிட்டார்கள். அந்த வரைவை நம்பி 2006-லேயே ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 மொழியை வெளியிட்டிருந்த அடோபி நட்டாற்றில் நின்றது. கிளாஸ் மொழிக்கு வர 2015 ஆனது. ஆனாலும் நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். அரைமனதோடு அந்தப் பதிப்பை நிறைவேற்றியிருந்தால், ஒவ்வொரு ப்ரௌசரும் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் செய்திருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது உங்களைப் போன்றவர்கள்.

உங்கள் இரண்டு மெத்தட்களுக்கு வருவோம். அவற்றைத் தனி ஃபங்ஷன்களாக எழுதி, அரேயை ஆர்க்யுமென்டாகக் கொடுங்கள். எங்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று ப்ராஜெக்ட் முழுக்கத் தேடி மாற்ற ஒரு மதியம் ஆகலாம். நாளை அதே பெயரில் மொழியே ஒரு மெத்தட் கொண்டுவந்தாலும் உங்கள் பக்கம் உடையாது. உங்களை முன்னிட்டு அந்தப் பெயரை மாற்ற வேண்டிய நிலையும் யாருக்கும் வராது.