பிரஷர் இறங்கினால் ஸ்குரூவைத் தொடாதே

பண்டாரவளை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சேர்விஸ் ஸ்டேஷனில் சுடுதண்ணி வொஷரின் பிரஷர் இறங்கிக்கொண்டே வருகிறது, சேப்டி வால்வும் ஒழுகுகிறது, கூட வேலை செய்கிறவர் "வால்வு ஸ்குரூவை ரெண்டு சுத்து இறுக்கிவிடு" என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். இறுக்காதே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பச்சைத் தண்ணி முதலில் பம்புக்குப் போகிறது. மூன்று பிஸ்டன்கள் அதைத் தள்ளிவிடுகின்றன. அதன் பிறகுதான் டீசல் பர்னர் சூடாக்கும் கொயிலுக்குள் சுற்றிக் கன்னுக்கு வருகிறது. பம்பின் வேலை தண்ணியைத் தள்ளுவது மட்டுமே. பிரஷரை உண்டாக்குவது நொசிலின் சின்னத் துளை. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு அகன்றாலே, அதே அளவு தண்ணிக்குப் பிரஷர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிடும். அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதே இலக்கத்தில் புது நொசில் ஒன்றைப் போட்டுப் பார். இதைவிட மலிவான சோதனை இல்லை.

அதிலும் சரிவரவில்லை என்றால் பர்னரை அணைத்து, நொசிலைக் கழற்றி, கன்னை வாளிக்குள் பிடி. மெஷின் தகட்டில் நிமிடத்துக்கு 15 லீற்றர் என்று இருந்தால், 20 லீற்றர் வாளி 80 செக்கனில் நிறைய வேண்டும். நேரம் கூடினால் பெரும்பாலும் குறை பம்புக்கு முன்னால்தான்.

ஊவாவில் இந்தக் குறைக்கு ஒரு காலக்கணக்கே உண்டு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் அடிக்கும். தேயிலைக்கு அருமையான காலம், பீலிக்குக் கெட்ட காலம். தண்ணி நூலாக இறங்கும், பம்ப் கேட்கிற அளவு வராது, அந்தக் குறையைக் காற்றை இழுத்து நிரப்பிக்கொள்ளும். ஹோஸ் உதறும், கேஜ் முள் ஆடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பசறை, மடுல்சீமைப் பக்கத்து மலைகளிலிருந்து சேறும் சருகும் சேர்ந்து வரும், பில்டர் அடைத்துக்கொள்ளும். உங்கள் தொட்டி மேட்டில் இருப்பதாக எழுதியிருந்தாய். 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் பிரஷர் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் பில்டர் அடைத்தால் எவ்வளவு உயரம் இருந்தும் பலனில்லை. மழைக்காலத்தில் தினமும் காலையில் பில்டரைக் கழற்றிக் கழுவு.

வாளி நேரத்துக்கு நிறைந்தால் தண்ணி வரத்து சரி. அப்போது பம்பின் உள் வால்வு, சீல், தண்ணியைத் திருப்பிவிடும் அன்லோடர் மூன்றையும் சந்தேகி. முள் நிற்காமல் ஆடினால் ஏதாவது ஒரு வால்வில் மணல் சிக்கியிருக்கும். பம்ப் ஒயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் சீல் போய்விட்டது.

இனி ஒழுகும் வால்வு. எப்போது ஒழுகுகிறது என்பதை நீ எழுதவில்லையே! விடை அதில்தான் இருக்கிறது. ட்ரிகரை விட்ட உடனே சீறினால் அன்லோடர் சிக்கியிருக்கிறது: தண்ணியைத் திருப்பிவிட வேண்டியது அது, செய்யாததால் சேப்டி வால்வு திறக்கிறது. கன் திறந்திருக்கும்போதே ஒழுகினால், பம்புக்குப் பிறகு எங்கோ அடைப்பு. கேஜ் உயரமாகக் காட்டியும் கன்னில் வேகம் இல்லை என்றால் கொயிலுக்குள் கேத்தலில் படிவது போலப் படிவு கட்டியிருக்கும். இன்னொன்று, ட்ரிகரை விட்டுவிட்டு மெஷினைச் சும்மா ஓடவிட்டால் அதே தண்ணி பம்புக்குள் சுற்றிச் சுற்றிச் சூடேறும். 60 பாகை அளவில் பம்பிலுள்ள வெப்ப வால்வு திறந்து கொஞ்சம் துப்பும். அது பழுதல்ல, அதன் கடமை. தேத்தண்ணி குடிக்கப் போகிறவர் மெஷினை நிறுத்திவிட்டுப் போகட்டும்.

இந்த மூன்றும் இல்லையென்றால்தான் வால்வின் ஆசனத்தில் அழுக்கோ தேய்வோ இருக்கும். அப்போதும் மாற்றத்தான் வேண்டும், இறுக்கக் கூடாது.

இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று. 1831இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓடிய நீராவி எஞ்சின் ஒன்றில் சேப்டி வால்வின் சீறல் சத்தம் பிடிக்காமல் தீயிடுபவர் அதை அமுக்கி மூடிவிட்டார். கொதிகலன் வெடித்து, அந்தக் காயத்தாலேயே அவர் இறந்தார். நம் நாட்டிலும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலனுக்குச் சேப்டி வால்வு இருக்க வேண்டும் என்கிறது. உன் வொஷர் அந்த அளவு பெரிதல்ல. ஆனால் அடைத்த கொயிலைப் பர்னர் சூடாக்கும்போது மிஞ்சியிருக்கும் கடைசிக் காவல் அந்த வால்வுதான்.

எதைக் கழற்றினாலும் முதலில் பர்னரை அணை. சூடு தணியும்வரை பச்சைத் தண்ணியை ஓடவிடு. பிறகு மோட்டரை நிறுத்தி, குழாயை மூடி, ட்ரிகரை அமுக்கி மிச்சப் பிரஷரை வெளியேற்று. ஒழுகும் ஹோஸை விரலால் தடவிப் பார்க்காதே. அந்தத் தாரை தோலுக்குள் தண்ணியை ஏற்றிவிடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே சதை கெட்டுப்போகும். அப்படி யாருக்காவது ஆனால் வலி இல்லை என்றாலும் உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, பிரஷர் தண்ணி பட்டது என்று டொக்டரிடம் சொல்.

முதலாளியிடம் அந்த மெஷினுக்கே குறித்த புது வால்வைக் கேள். அதுவரை மெஷின் ஓடக்கூடாது என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல். வால்வு எந்த நேரத்தில் ஒழுகியது என்று இன்றைக்கே நினைவுபடுத்திப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா